இருபத்தஞ்சு பாயிண்ட்

சார், அந்தக் கம்ப்யூட்டர் பைய கொஞ்சம் சன்னல் பக்கமா தள்ளி வச்சிக்கிடுங்க. ஒடச்சிருவேன்னு பயப்படாதிய. எம்மேல படாம இருந்தா போதும். எனக்கு அந்தச் சாமானக் கண்டாலே ஆவாது. உங்கள ஒண்ணும் சொல்லல, நீங்க ஏதோ ஆபீஸ் வேலைக்கு வச்சிருக்கிய. நான் சொல்லுதது கடைக்காரன் வச்சிருக்கானே, அந்தக் கம்ப்யூட்டர. ஒரு மனுசன் இருவது வருசம் கடல்ல கெடந்து சேத்தத ஒரு வயரச் சொருகி அஞ்சே நிமிசத்துல உருவிருவான். நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. இதுல டீ குடிங்க அண்ணாச்சின்னு டீ வேற வாங்கித் தருவான். நாமளும் குடிப்போம்.

எம்பேரு சிலுவை. மாதாத்துறை. சொந்தமா ஒரு பைபர் போட்டு, படகு சார், வச்சிருக்கேன். தூண்டித் தொழிலு, வலை கெடையாது. வலைக்காரன் எங்க போட்டாலும் எதாவது சிக்கும். தூண்டிக்காரனுக்கு அப்டி இல்ல, பாரு தெரியணும். பாருன்னா கடலுக்கு அடியில கெடக்க பாற, சார். விளமீனு, களவா எல்லாம் அங்கதான் அடைஞ்சி கெடக்கும். அதுக்கு இருவதடி தள்ளித் தூண்டியப் போட்டாலும் வெறும் சேறுதான், காலையிலேந்து சாயந்திரம் வரைக்கும் உக்காந்திருக்க வேண்டியதுதான். அந்த எடத்தோட நம்பர ஜிபிஎஸ் பெட்டியில ஏத்தி வச்சிருப்போம். கையில பிடிக்கித மாதிரி சின்னப் பெட்டி. நம்பர அமுக்குனா இந்தப் பக்கம் போ, இத்தன மைலு போன்னு அம்பு காட்டும். அதத்தான் பாயிண்டும்போம். எங்கிட்ட முப்பத்தொண்ணு இருந்துச்சு. இன்னிக்கு ஆறு இருக்கு. இருபத்தஞ்சு போச்சு. அந்த இருபத்தஞ்சு இல்லாம என் போட்ட வெறகுக்குக்கூட எடுக்க மாட்டான். பைபர் எரியாதுல்லா.

சிரிக்காதிய சார். வயித்தெரிச்சல்ல பேசுதேன்.

எங்க பக்கத்துல ஒருத்தன் பாயிண்ட இன்னொருத்தன் கேக்க மாட்டான். கேக்கப்படாது. பொண்டாட்டிகிட்ட எல்லாத்தையும் சொல்லுவான், பாயிண்டச் சொல்ல மாட்டான். எங்கூட போட்டுல வாரவன் ரெண்டு பேரு, பன்னெண்டு வருசமா வாரானுவ. அவனுவளுக்குக்கூடப் பெட்டியக் காட்ட மாட்டேன். மீனு கடிச்சிக்கிட்டு இருக்கும்போது தூரத்துல வேற போட்டு தெரிஞ்சா, தூண்டிய இழுத்துட்டு, இஞ்சின் ரிப்பேரு மாதிரி மூடியத் தூக்கிக் குனிஞ்சி நிப்போம். அவன் தாண்டிப் போனதும் திருப்பிப் போடுவோம். கரைக்கு ஒரு மைலு முன்னாலயே பெட்டிய அணைச்சி, கவர்ல சுத்தி, சட்டைக்குள்ள வச்சிக்கிடுவோம். அப்டிக் காத்தது சார்.

ஆனா அந்தப் பெட்டி வருசத்துக்கு ஒருக்கா மக்கர் பண்ணும். ஆன் பண்ணுனா கம்பெனிப் பேரு மட்டும் வந்து அப்டியே நிக்கும். அப்ப தூத்துக்குடிக்குப் போணும். அங்க ஒருத்தன் கடை வச்சிருக்கான். பெட்டிய வயரு போட்டுக் கம்ப்யூட்டர்ல மாட்டி, உள்ள இருக்க பாயிண்ட எல்லாத்தையும் மொதல்ல கம்ப்யூட்டருக்கு எடுத்து வச்சிக்கிட்டு, சாப்ட்வேரப் புதுசா ஏத்தி, பெறகு பாயிண்டத் திருப்பி உள்ள போடுவான். கேட்டியளா? எடுத்து வச்சிக்கிட்டு. அந்த எடத்துலதான் இருக்கு சூச்சமம்.

மாசி மாசம் குடுத்தேன். சரி பண்ணிக் குடுத்தான். மூணு வாரம் கழிச்சி, என் பாயிண்டுலயே நல்ல பாயிண்டுக்குப் போறேன், அங்க நாலு போட்டு நிக்கி. அதுவும் வேற ஊருப் போட்டு. என்னப் பாத்ததும் நாலு போட்டுலயும் ஆளுக இஞ்சின் மூடியத் தூக்கிட்டுக் குனிஞ்சி நிக்கானுவ. ஒரே எடத்துல, ஒரே நேரத்துல, நாலு இஞ்சினா சார் கெட்டுப் போவும்? எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. அப்டியே போட்டத் திருப்பிக் கரைக்கு வந்து, ஈரக் கைலியோட பஸ் ஏறி, கடையில போய் நின்னேன்.

‘ஏல, எவனுக்குக் குடுத்தே?’ன்னேன்.

அவன் என்ன சொன்னாங்கிய? ‘அண்ணாச்சி, உங்க பாயிண்டு உங்ககிட்டதான இருக்கு? ஒரு நம்பரு கொறைஞ்சிருக்கா, எண்ணிப் பாத்துச் சொல்லுங்க’ங்கான். சிரிச்சிக்கிட்டே சொல்லுதான். எப்டி இருக்கும் சொல்லுங்க? என் சோத்துல கைய வச்சிட்டு, சட்டி உங்ககிட்டதான இருக்குன்னு சொன்னா என்ன நியாயம்? நான் கத்துன கத்துல பக்கத்துக் கடைக்காரன் எல்லாம் வந்துட்டான். வந்தவன் முன்னால வச்சி இவன் சொல்லுதான், ‘அஞ்சு வருசத்துக்கு முன்ன உங்க மச்சான் பெட்டியக் கொண்டாந்தப்ப மட்டும்...’ அவ்வளவுதான். அடுத்த வார்த்தைய நான் பேச விடல. அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால எழுத்துப் பலகை ஒண்ணு இருக்கும்லா, அதப் பிடுங்கிச் சாக்கடையில எறிஞ்சிட்டு வந்துட்டேன்.

என்ன கேக்கிய? மச்சான் பெட்டியா? அது ஒண்ணுமில்ல. அது குடும்பத்துக்குள்ள நடந்தது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது. சரி, கேட்டுட்டிய. ஒளிக்கதுக்கு என்ன இருக்கு?

கஸ்பாருன்னு என் மச்சான். எம்பொண்டாட்டி ரெஜினாவுக்கு அண்ணன். ஊரு புன்னைத்துறை, இந்த பஸ்ஸு அந்த வழியாத்தான் போவும். நல்ல தூண்டிக்காரன், இல்லேன்னு சொல்லல. அஞ்சு வருசத்துக்கு முன்ன, போட்டக் கரைக்கு ஏத்தும்போது கால்மேல ஏறிட்டு. முட்டுக்குக் கீழ நொறுங்கிப் போச்சு. அஞ்சு மாசம் படுக்கை. அந்த நேரம் பாத்து அவன் பெட்டியும் மக்கராயிட்டு. ‘மாப்ள, உம்ம கையில குடுத்தா கோயில்ல வச்ச மாதிரி. கடையில குடுத்துச் சரி பண்ணிக் கொண்டாரும்’னு எங்கிட்ட குடுத்தான். நானும் என் வேலையக் கெடுத்துட்டு, பஸ் ஏறிப் போய்க் குடுத்தேன். அத எவனும் சொல்ல மாட்டான்.

என் பெட்டியும் சட்டைக்குள்ள இருந்துச்சு. அதப் பாத்துட்டுக் கடைக்காரந்தான் கேட்டான், ‘இதுல இருக்கத உங்க பெட்டியிலயும் போட்டுறவா?’ன்னு. நான் வாயால ஒண்ணும் சொல்லல சார். தலைய ஆட்டுனேன். அதுவும் எந்தப் பக்கம் ஆட்டுனேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. அவன் போட்டுட்டான். இருபத்தஞ்சு பாயிண்டு. நான் எடுத்தேன்னு சொல்லப்படாது. அவன் பெட்டியில இருந்த இருபத்தஞ்சையும் இருபத்தஞ்சாவே திருப்பிக் குடுத்தேன். ஒண்ணு கொறையல. அவன் படுக்கையில கெடக்கான், அவன் பாருல மீனு சும்மாதான கெடக்கு? நான் போயி நாலு மீனப் பிடிச்சா, தங்கச்சி வீட்டு அடுப்புதான எரியுது? கடைக்காரன் பண்ணுனது களவு. இது சொந்தம். ரெண்டையும் ஒண்ணாக் கெட்டாதிய.

நீங்க மொகத்த ஒரு மாதிரியா வைக்கிய. கடல்ல போறவனுக்குத்தான் சார் இது புரியும்.

கால் சரியாகி அவன் மறுபடி கடலுக்குப் போனான். நொண்டிக்கிட்டேதான் போனான். ஒருநா அவன் பாருல நான் இருக்கும்போது அவன் போட்டு வருது. எனக்குப் பழக்க தோசம், இஞ்சின் மூடியத் தூக்கிட்டுக் குனிஞ்சிட்டேன். அவன் பக்கத்துல வந்து, ரெண்டு போட்டுக்கும் நடுவுல ஒரு ஆளு நீளந்தான் இருக்கும், இஞ்சின அணைச்சிட்டு என்னையே பாத்துக்கிட்டு நின்னான். நான் நிமிரவே இல்ல. எவ்வளவு நேரம் சார் ஒரு மனுசன் இஞ்சினப் பாத்துக்கிட்டு நிக்க முடியும்? முதுகு ஒடிஞ்சி போச்சு.

சாயந்திரம் வீட்டுக்கு வந்துட்டான். வாசல்ல நின்னுக்கிட்டே, ‘மாப்ள, எம்பெட்டியிலேந்து எடுத்தீரா?’ன்னு கேட்டான். பொம்பள முன்னால வச்சிக் கேட்டா எவன் ஆமாம்பான்? இல்லன்னேன். மாதா படத்து மேல கைய வச்சேன். சத்தியம் பண்ணல, கைய வச்சேன், அவ்வளவுதான். ரெஜினாவுக்கு வந்துச்சு பாருங்க கோவம். அடுப்பங்கரையிலேந்து வந்து, ‘எம்புருசனக் களவாணின்னு சொல்லதுக்கா படி ஏறி வந்தே? நொண்டிக் காலோட வந்துருக்கியேன்னு பாக்கேன். வெளிய போ’ன்னுட்டா. கூடப்பெறந்த அண்ணன. எனக்கு அன்னிக்கு அவள நெனச்சா பெருமையா இருந்துச்சு சார். புருசன நம்புதவன்னா அவதான்.

அதோட அவன் வாரதில்ல. எம்மவளுக்குப் புதுநன்மை, கோயில்ல மொத நற்கருணை வாங்குத நாளு, அதுவும் தாய்மாமன் இல்லாமத்தான் நடந்துச்சு. அவனும் போட்ட வித்துட்டு இன்னொருத்தன் விசைப்படகுல கூலிக்குப் போறான்னு கேள்வி. அது அவன் கொணம். ஒரு பாருல ரெண்டு பேரு பிடிச்சா கடல் வத்திருமா?

விடுங்க. நான் சொல்ல வந்தது கம்ப்யூட்டரு விசயம்.

கடையில சண்ட போட்டு வந்த அன்னிக்கே முடிவு பண்ணுனேன், இனிமே என் பாயிண்டு எந்தக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்துலயும் போவாதுன்னு. ஆனா பெட்டி மறுபடி மக்கர் பண்ணும்லா? அதுக்கு என்ன செய்யன்னு வீட்டுல உக்காந்து பொலம்பிக்கிட்டு இருந்தேன். அப்பத்தான் ரெஜினா சொன்னா, ‘பெட்டி எதுக்கு? போன்லயே ஏத்திக்கிடலாமே’ன்னு. அவ மீன் சந்தையில ஏவாரம் பாக்கா. அங்க உள்ள பொம்பளைய எல்லாம் போன வச்சிக்கிட்டு என்னெல்லாமோ பண்ணுதாளுவ. சந்தையில பக்கத்து எடம் பிலோமி, அவ புருசன் போன்ல அந்த ஜிபிஎஸ் சாப்ட்வேரு இருக்காம். அந்தப் போனையும் நம்ம போனையும் பக்கத்துல பக்கத்துல வச்சா போதுமாம். அதுலேந்து இதுக்குத் தாவிருமாம்.

‘கம்ப்யூட்டரு?’ன்னேன்.

‘வேண்டாம்.’

‘வயரு?’

‘ஒரு வயரும் வேண்டாம். கடைக்காரனும் வேண்டாம்.’

அந்த ஒரு வார்த்த போதும் சார். மறுநாளே தண்ணி பட்டா கெட்டுப் போவாத போனு ஒண்ணு வாங்கிட்டேன். ரெஜினா பிலோமிகிட்ட அந்தப் போன வாங்கிட்டு வந்து, அடுப்புத் திட்டுல ரெண்டையும் வச்சி, கொழம்பு கொதிக்கிதுக்குள்ள ஏத்திட்டா. நடுவுல இந்தப் போனு ஒரு கேள்வி கேட்டுது. இது தெரியாத எடத்துலேந்து வருது, நம்பி உள்ள விடலாமான்னு. எனக்கு அந்தப் போனு மேல அப்பதான் மரியாதையே வந்துச்சு. பாருங்க, ஒரு சாமானுக்கு எவ்வளவு சூதானம். ரெஜினா ‘சரி’ன்னு அமுக்குனா. வேலை முடிஞ்சிட்டு. இத்தன வருசமா ஒரு கடைக்காரன் என்ன ஆட்டி வச்சான், எம்பொண்டாட்டி கரண்டியக் கீழ வைக்காம பண்ணிட்டா.

சாப்ட்வேரு வந்துட்டு, பாயிண்டு வரணும்லா? பழைய பெட்டியிலேந்து போனுக்கு மாத்தணும்னா அதுக்குக் கம்ப்யூட்டரு வேணுமாம். சனியன் அங்கயும் வந்து நிக்கி. வேண்டவே வேண்டாம், கையாலயே போடுவோம்னேன். எனக்கு அந்தக் குட்டி எழுத்துல வெரல் நிக்காது. நான் பெட்டியப் பாத்துச் சொல்ல, அவ போன்ல அடிக்கணும். யோசிச்சிப் பாருங்க, பதினெட்டு வருசக் குடும்பத்துல மொதல் தடவையா எம்பொண்டாட்டி காதுல பாயிண்டச் சொல்லப் போறேன். ஒரு மத்தியானம், கதவப் பூட்டி, சன்னல அடைச்சி, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுறக் கூடாதுன்னு டிவியில நாடகத்தச் சத்தமா வச்சிட்டு உக்காந்தோம்.

மொத ஆறு நானாக் கண்டுபிடிச்சது. கடகடன்னு சொன்னேன், அடிச்சா. ‘பேரையும் சொல்லும், பேரு போடாம இது உள்ள போவ மாட்டேங்கி’ன்னா. பெட்டியில ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு இருக்கும். ஏழாவது வந்துச்சு. பேரு கல்யாணம். சொன்னேன். அவ நிமிந்து பாத்தா. ‘கல்யாணமா? இந்தப் பேர யாரு வச்சா?’ன்னா. எனக்கு டக்குன்னு வந்துச்சு பாருங்க, ‘நம்ம கல்யாண ஞாபகமா நாந்தான் வச்சேன்’னேன். அவளுக்கு மொகம் அப்டியே மலந்துட்டு. தலையக் குனிஞ்சிக்கிட்டுச் சிரிச்சா. எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு. ஒரு பொய்யி ஒருத்தியச் சந்தோசப்படுத்துச்சின்னா அது பாவமா?

பெறகு அவ சொல்லித்தான் தெரிஞ்சிது. எங்க கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்ன, கஸ்பாரு பத்து நாளு ஒரே பாருல கெடந்து மீனு பிடிச்சிருக்கான். தங்கச்சி கல்யாணச் செலவு மொத்தமும் அந்தப் பாருலேந்து வந்ததாம். அதான் அந்தப் பேரு. பாருக்கு எல்லாம் அப்டிப் பேரு வைக்கவனக் கண்டிருக்கியளா?

எட்டாவது சொன்னேன். ஒம்பதாவது. பேரு குட்டச்சி. அவ அடிக்கத நிறுத்திட்டா.

‘என்னது?’ன்னா.

‘குட்டச்சி.’

‘இதுவும் நீரு வச்ச பேரா?’

‘ஆமா. கட்டையான பாரு, அதான்’னேன்.

எனக்கு எப்டி சார் தெரியும்? சின்னப்புள்ளையில அவ அண்ணன் அவள அப்டித்தான் கூப்புடுவானாம். அவனுக்கும் அவளுக்கும் மட்டும் தெரிஞ்ச பேராம், அம்மைக்குக்கூடத் தெரியாதாம். பதினெட்டு வருசம் கூட வாழுதேன், எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல. இது என் தப்பா? அவ எழுந்து போய்த் தண்ணி குடிச்சா. திரும்பி வந்து உக்காந்து, ‘ம், சொல்லும்’னா. நானும் மிச்சம் இருக்க எல்லாத்தையும் சொன்னேன். நான் சொல்லுத நம்பர அப்டியே திருப்பிச் சொல்லி, சரியான்னு கேட்டுக் கேட்டு அடிக்கா. ஒரு எடத்துல நாந்தான் தப்பாப் படிச்சேன், ‘அதென்ன, எட்டா மூணா, சரியாப் பாரும்’னு திருத்துனா. என்ன பொறுப்பா செய்யுதான்னு நெனச்சிக்கிட்டேன்.

அன்னிக்கு ராத்திரியே பழைய பெட்டியில இருந்தத மொத்தமா அழிச்சேன். எவன் கைக்காவது போயிருமேன்னு. ஒருக்கா அழிச்சா போதாதுன்னு ரெண்டு தடவ அழிச்சேன்.

மறுநா காலையில கடலுக்குப் போனோம். மொத என் சொந்தப் பாயிண்டு ஒண்ணுக்குப் போனேன். போனு சும்மா கொண்டாந்து கரெக்டா நிறுத்துது. எனக்குத் தல கால் புரியல. சரி, கல்யாணத்துக்குப் போவோம்னு போனத் தடவுதேன். கல்யாணத்தக் காணும். குட்டச்சியக் காணும். என் ஆறு பேருக்குக் கீழ ஒரே பேரு வரிசையா நிக்கி. கஸ்பார். கஸ்பார். கஸ்பார். இருபத்தஞ்சு கஸ்பார். பேருதான் மாறிட்டு, நம்பரு இருக்கும்னு ஒண்ண அமுக்குனேன். அம்பு சுத்திக்கிட்டுப் போயி கரையப் பாத்து நிக்கி. எதோ கோளாறுன்னு அடுத்தத அமுக்குனேன். அதுவும் கரை. இருபத்தஞ்சையும் அமுக்குனேன் சார். இருபத்தஞ்சும் ஒரே எடம், ஒரே மைலு. புன்னைத்துறை. கஸ்பாரு வீடு.

என்னதான் அவ வாயால சரியான நம்பரச் சொன்னாலும், கையால என்ன அடிச்சான்னு நான் பாக்கலல்லா? அந்தச் சாப்ட்வேர்ல வார மேப்பு மேல வெரல வச்சி ஒரு வீட்ட அமுக்குனாலும் அது பாயிண்டாயிருமாம். எனக்கு என்ன தெரியும்?

கூட வந்த ரெண்டு பேரும் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கானுவ. பன்னெண்டு வருசம் எங்கூடக் கஞ்சி குடிச்சவனுவ. கண்ணு அடையாளம் வச்சிப் போவலாமேன்னு கேப்பிய. பதினெட்டு மைலுக்கு வெளிய கரையே தெரியாது சார், எத அடையாளம் வைக்க? நம்பரு மனசுல நிக்கும்னு நெனைக்கியளா? பெட்டி வந்த பெறகு எவன் மனசுல என்ன நின்னுது?

வீட்டுக்கு வந்து போட்டேன் பாருங்க ஒரு சத்தம். தெருவே கேட்டுச்சு. அவ எம்மவளுக்குத் தல பின்னிக்கிட்டு இருந்தா. பின்னி முடிச்சி ரிப்பனக் கெட்டி விட்டா. பெறகு சொல்லுதா, ‘நீரு எங்கேந்து எடுத்தீரோ அங்கதான் வழி போட்டுருக்கேன். அவன் பெட்டியில எல்லாம் அப்டியே இருக்கும். போய்க் கேளும்.’

‘ஏட்டி, இது நம்ம சோறு’ன்னேன்.

‘சோறு தெரியுது. எங்கண்ணன என் வாயாலயே வெளிய போன்னு சொல்ல வச்சீரே. அந்த ஆளு நொண்டிக்கிட்டு எறங்கிப் போனாரு, நான் கதவச் சாத்துனேன். அத எந்தப் பெட்டியில போட்டு அழிப்பீரு?’

அப்டியெல்லாம் பேசுனா. நான் நம்பர எங்கயாவது எழுதி வச்சிருக்கியா இல்லையான்னு மட்டும் கேட்டேன். அதுக்குத்தான் அவ என்னப் பாத்த பார்வ. ஏதோ நாந்தான் கேக்கக்கூடாததக் கேட்டுட்ட மாதிரி. புள்ளையக் கூட்டிக்கிட்டு, ஒரு பையத் தூக்கிக்கிட்டு, அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. இன்னியோட பதினோரு நாளாச்சு. சமைக்க ஆளு இல்ல, போட்டு கரையில கெடக்கு, ஆறு பாயிண்டையும் தோண்டித் தோண்டி அதுலயும் மீனு அத்துப் போச்சு. கூட வந்தவனுவ வேற போட்டுக்குப் போயிட்டானுவ. எனக்கு ஆத்திரம் ஆறல சார். எவனோ ஒரு கடைக்காரன் கம்ப்யூட்டர் வச்சி ஆரம்பிச்சது, எங்க வந்து நிக்கி பாருங்க.

சரி, ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்கிடாதிய. உங்க கையில கம்ப்யூட்டரப் பாத்துட்டுத்தான், முன்னால அத்தன சீட்டு காலியா இருந்தும் இங்கன வந்து உக்காந்தேன். இந்தா, இதான் அந்தப் பழைய பெட்டி. இது வயரு. ஒரு தடவ சொருகிப் பாருங்களேன். அழிஞ்சது எங்கயாவது ஒரு மூலையில ஒட்டிக்கிட்டு இருக்கும்லா? அந்தக் கடைக்காரன்கிட்ட நான் போவ முடியாது, எழுத்துப் பலகை விசயம் இருக்கு. நீங்க யாரு எவருன்னு எனக்குத் தெரியாது, நான் யாருன்னு உங்களுக்கும் தெரியாது. எடுத்துக் குடுத்தா நீங்களும் ஒரு காப்பி வச்சிக்கிடுங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். நீங்க என்ன கடலுக்கா போவப் போறிய?

முடியாதா? சொருகிக்கூடப் பாக்கலியே சார். ரெண்டு தடவ அழிச்சா வராதா? பாத்தியளா. களவாங்கணும்னா அஞ்சு நிமிசம். திருப்பித் தரணும்னா முடியாது. இந்தச் சாமானு ஒரு நாளும் ஏழைக்கு ஒதவாது. வைங்க, உள்ள வைங்க.

அப்ப போய்த்தான் ஆவணும். போனப் பாருங்க, அம்பு நேரா காட்டுது. இன்னும் ரெண்டு கிலோமீட்டரு. பதினோரு நாளா இத அணைக்கவும் தெரியல எனக்கு, எந்நேரமும் அந்த வீட்டையே காட்டிக்கிட்டு இருக்கு. உள்ள போனதும் எப்டி ஆரம்பிக்கன்னுதான் யோசிக்கேன். ‘மச்சான், போன்ல ஒரு சின்ன சந்தேகம்’னு ஆரம்பிச்சா சரியா இருக்கும்லா? ரொம்ப எறங்கிப் போன மாதிரியும் இருக்காது.

மன்னிப்பா? கேப்பேன் சார், கேக்க மாட்டேன்னு சொல்லல. மொதல்ல நம்பர வாங்கிக்கிடுதேன். வாங்கி, போன்ல ஏத்தி, ஒருக்கா கடல்ல போய்ச் சரியா இருக்கான்னு பாத்துட்டு, பெறகு கேக்கேன். அவசரப்பட்டுக் கேட்டுட்டு அவன் நம்பரத் தராமப் போயிட்டாம்னா? மன்னிப்பும் போயி நம்பரும் போயிரும்லா.

இதான் புன்னைத்துறை. கோயில் தாண்டி மூணாவது வீடு. அந்தா, பச்சைக் கதவு. முத்தத்துல மீனு காயப் போடுததாரு? ரெஜினாதான். பக்கத்துல கம்ப ஊனிக்கிட்டு அவன் நிக்கான். எம்மவ அவன் தோள்ல தொங்கிக்கிட்டு என்னமோ சொல்லுதா, மூணு பேரும் சிரிக்காவ. ஒருத்தராவது பஸ்ஸப் பாக்காவளான்னு பாருங்க. பாக்கல.

நீங்க எந்திரிக்க வேண்டாம். உக்காருங்க சார், வழி விட வேண்டாம். நான் எறங்கல. விசில் அடிச்சிட்டான், போவட்டும்.

கண்டக்டரே, இங்கன வாரும். இன்னொரு டிக்கெட்டு குடும். எங்கன்னு கேட்டா நான் என்னய்யா சொல்ல? இந்த பஸ்ஸு எது வரைக்கும் போவும்?